குணம், சிந்தனை, வளர்ச்சி: வியட்நாம் மாணவருக்கு இந்த ஆங்கிலச் சொற்களை எந்த வழியில் கற்பிப்பது?

வியட்நாம் மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கும் நம்மவர்கள், ஹனோயில் கோச்சிங் சென்டர் வேலையில் இருப்பவரானாலும் சரி, திருச்சியில் உட்கார்ந்து ஆன்லைனில் எடுப்பவரானாலும் சரி, எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. சாப்பாடு, பயணம், வானிலை வரைக்கும் பாடம் ஓடும். ஆளின் குணம், சிந்தனை, மனித வளர்ச்சி என்ற தலைப்பு வந்ததும் படுத்துவிடும். மாணவர் நூறு சொல்லை மடமடவென்று ஒப்பிப்பார், வாக்கியத்தில் போடச் சொன்னால் "மை ஹஸ்பண்ட் இஸ் வெரி சைக்கலாஜிக்கல்" என்று எழுதி வைப்பார். அதன் பிறகுதான் கேள்வி வரும்: பட்டியல் கொடுத்து மனப்பாடம் பண்ண விடலாமா, ஃபிளாஷ்கார்டு செயலியில் ஏற்றிவிடலாமா, வேர்ச்சொல் வழியாகப் போகலாமா, இல்லை கதையும் பேச்சுமாக மெதுவாகப் போகலாமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ஒரே தலைப்பாக நினைப்பதுதான் சிக்கலே. பாடப்புத்தகத்தில் ஒரே பாடமாகக் கட்டி வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது மூன்று விதமான சொற்கள், மூன்றும் வியட்நாமிய மொழியோடு மூன்று விதமாக உறவாடுகின்றன. அதனால் "எது நல்ல வழி" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது, எந்தச் சொல்லுக்கு, எந்த மாணவருக்கு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, மாணவர் அந்தச் சொல்லைப் பார்த்தால் புரிந்தால் போதுமா, அல்லது அவரே எடுத்துப் பயன்படுத்த வேண்டுமா என்பது. 2025 முதல் வியட்நாமின் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் ஆங்கிலம் விருப்பப் பாடம்தான். கணக்கும் இலக்கியமும் கட்டாயம், மற்ற இரண்டை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். ஆங்கிலத் தாளில் 50 நிமிடத்தில் 40 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. பழைய தாளில் இருந்த உச்சரிப்பு, அழுத்தக் கேள்விகளும் போய்விட்டன. ஆக அந்த மாணவருக்குக் கண் போதும். ஐஈஎல்டிஎஸ் என்ற சர்வதேச ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறவர் கதை வேறு. பேச்சுத் தேர்விலும் எழுத்துத் தேர்விலும் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம், அதாவது கால்வாசி மதிப்பெண். ஒரு நிமிடம் யோசித்து, "உங்களுக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். அங்கே வாய் வேண்டும்.

வாய் என்றதும் இரண்டாவது அளவுகோல் வந்துவிட்டது. வியட்நாமிய மொழியில் ஒரு அசை மெய்யில் முடிந்தால் ப், ட், க், ம், ன், ங் போன்ற சில ஒலிகளில் மட்டுமே முடியும், அந்த ப், ட், க் கூட வெளியே வெடிக்காமல் உள்ளுக்குள்ளேயே நின்றுவிடும். மெய்க்கூட்டம் கிடையாது. 'நைஸ்' என்பது 'நை' ஆகிவிடும், 'ஸ்ட்ரிக்ட்' தலையும் வாலும் போய் நிற்கும், 'செல்ஃபிஷ்' யாருக்கும் புரியாது. அசை அழுத்தம் வேறு. தொனிதான் அவர்கள் மொழியில் எல்லாமே, ஆங்கிலம் போல ஒரு அசையை மட்டும் தூக்கிச் சொல்லும் பழக்கம் இல்லை. குணச்சொற்கள் இந்த விஷயத்தில் பொல்லாதவை: 'கியூரியஸ்' முதல் அசையில் அழுந்தும், 'கியூரியாசிட்டி' நடுவில் அழுந்தும். 'ரெஸ்பான்சிபிள்', 'ரெஸ்பான்சிபிலிட்டி' அதே மாதிரி இடம் மாறும்.

மூன்றாவது, சொல்லின் வடிவம். வியட்நாமியச் சொல் எங்கே போனாலும் உருமாறாது, பெயர்ச்சொல் ஆக்க வேண்டுமானால் முன்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டினால் போதும். நல்ல குணங்களுக்கு அடிக்கடி ஒட்டும் சொல் 'லோங்'. வயிறு, உள்ளம் இரண்டுக்கும் அதுதான், காலையில் தெருவோரத்தில் பன்றிக் குடல் போட்டு விற்கும் கஞ்சியின் பெயரிலும் அதே 'லோங்' இருக்கும். மனப்பாடம் பண்ணுவதற்கும் அதே சொல் வரும். இப்படிப் பழகியவருக்கு 'ஜெனரஸ்', 'ஜெனராசிட்டி', 'ஜெனரஸ்லி' மூன்றும் வேறு வேறு இடத்தில் உட்காரும் என்பது மண்டையில் ஏற நேரம் பிடிக்கும். 'ஷீ வெரி கைண்ட்' என்று நடுவில் 'இஸ்' இல்லாமல் சொல்வது எதனால் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை, "அவள் ரொம்ப நல்லவள்" என்று நாமும் அப்படித்தான் சொல்கிறோம்.

கடைசியாகச் செலவு. காசு மட்டும் இல்லை, உங்கள் தயாரிப்பு நேரமும், தப்பாகப் படித்ததை அழித்து மறுபடி படிக்கும் நேரமும் சேர்த்துத்தான். பள்ளிக்குள் காசு வாங்கி டியூஷன் நடத்தக் கூடாது, ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே வெளியில் காசுக்கு எடுக்கக் கூடாது என்ற விதி 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகு, வீட்டில் தானே படிக்க வேண்டிய நேரம் பல பிள்ளைகளுக்குக் கூடியிருக்கிறது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது எந்த வழி தாக்குப்பிடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

## வழி 1: தலைப்புவாரிப் பட்டியல்

இடப்பக்கம் ஆங்கிலம், நடுவில் உச்சரிப்புக் குறி, வலப்பக்கம் வியட்நாமிய அர்த்தம். குணச்சொற்கள் 100, 200 என்று நெட்டில் கொட்டிக் கிடக்கின்றன. இலவசம், உடனே கிடைக்கும், பிள்ளை இன்றைக்கு முப்பது சொல் படித்தான் என்று பெற்றோருக்குக் காட்டவும் முடியும். ஆறாம் வகுப்பில் நண்பர்களைப் பற்றிய பாடத்தில் வரும் 'கைண்ட்', 'ஷை', 'ஃபன்னி', 'கான்ஃபிடென்ட்' அளவுக்கு, ஒரு டஜன் சொல்லுக்கு, பட்டியல் தாராளமாகப் போதும். அதற்குப் போய் பெரிய முறை எல்லாம் தேடாதீர்கள்.

பட்டியல் நீள ஆரம்பித்ததும்தான் வினை. ஒரே வகைச் சொற்களை, அதுவும் எதிர்ப்பதமும் ஒத்தசொல்லுமாக, ஒரே நேரத்தில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பி, சம்பந்தமில்லாத சொற்களைப் படிப்பதைவிடக் கடினமாகிறது. இதை டிங்கம் என்ற ஆய்வாளர் 1993-லும் 1997-லும் சோதித்துக் காட்டினார், வேரிங் 1997-ல் வேறு மாணவர்களிடம் செய்து பார்த்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். 'ஜெனரஸ்', 'மீன்', 'ஸ்டிஞ்ஜி', 'த்ரிஃப்டி' நான்கையும் ஒரே மாலையில் படித்த பிள்ளைக்கு நான்கும் பணம் சம்பந்தப்பட்டவை என்பது மட்டும் மறக்காது, எது பாராட்டு எது திட்டு என்பது போய்விடும். பட்டியலில் அந்த நிறமே இருக்காது. பாட்டியைப் பாராட்டிக் கட்டுரை எழுதிய பிள்ளை, அவரைக் கருமி என்று எழுதி வைத்துவிட்டுத் தெரியாமல் நிற்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வலப்பக்க அர்த்தம். 'தம் லீ' என்றால் அகராதியில் உளவியல். ஆனால் ஹனோயில் ஒருத்தி தன் கணவரை 'ரொம்ப தம் லீ' என்றால், சொல்லாமலே புரிந்துகொண்டு நடப்பவர் என்று அர்த்தம். மேலே சொன்ன 'சைக்கலாஜிக்கல்' கணவர் பிறந்தது இப்படித்தான். 'கா தின்' என்றால் பட்டியலில் 'பெர்சனாலிட்டி', பேச்சில் தனக்கென்று ஒரு பாணி உள்ள துணிச்சல்காரர், ஆகவே "ஷீ இஸ் வெரி பெர்சனாலிட்டி". குப்பையைத் தெருவில் வீசுகிறவரை 'வோ ஈ துக்' என்பார்கள், பொறுப்பு உணர்வில்லாதவர் என்ற பொருளில். பட்டியலைப் பார்த்து எழுதும் மாணவர் அவரை 'அன்கான்ஷியஸ்' ஆக்கிவிடுவார், மயங்கிக் கிடப்பவர் எப்படிக் குப்பை போடுவார் என்று நாம்தான் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, பட்டியலுக்கு முடிவே இல்லை. 1936-ல் ஆல்போர்ட், ஓட்பெர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஆங்கில அகராதியில் ஆளை வர்ணிக்கும் சொற்களைப் பொறுக்கியபோது 18,000 அளவில் வந்தன, நிலையான குணத்தைச் சொல்பவை மட்டுமே 4,504. இதில் எந்த 200-ஐ யார் எதை வைத்துத் தேர்ந்தார்கள் என்று பட்டியல் சொல்லாது. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதை நாம் கிளிப்பிள்ளைப் பாடம் என்கிறோமே, வியட்நாமியர்களும் 'ஹோக் வெட்' என்றே சொல்கிறார்கள். அதுவும் கிளிப் படிப்புதான்.

## வழி 2: ஃபிளாஷ்கார்டு செயலி

மறதி எப்படி விழுகிறது என்பதை 1885-லேயே எபிங்ஹவுஸ் என்ற உளவியலாளர் தன்னையே சோதனைக்கு வைத்து அளந்துவிட்டார், 1970-களில் லைட்னர் என்பவர் அட்டைப்பெட்டி வைத்து அதை வீட்டுப் பழக்கமாக மாற்றினார், இன்று அதே வேலையை ஆங்கி, குவிஸ்லெட் போன்ற செயலிகள் செய்கின்றன. மறக்கப்போகும் நேரத்தில் அட்டை மறுபடி வந்து நிற்கும். இந்த இயக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மறுபார்வை என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஆங்கி இலவசம், ஐஃபோனுக்கு மட்டும் ஒரு தடவை 25 டாலர் அளவில் கட்ட வேண்டும்.

ஆனால் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. யாரோ பதிவேற்றிய தொகுப்பை அப்படியே இறக்கினால், அது மேலே சொன்ன பட்டியலேதான், துண்டு துண்டாக வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. தப்பு அர்த்தத்தை மறக்கவே முடியாதபடி பதித்துவிடும் என்பது கூடுதல் கெடுதல். உருப்படியான அட்டை என்றால் முன்பக்கம் ஒரு சூழல், நடுவில் கோடிட்ட இடம், பின்பக்கம் சொல்லும் ஒலிப்பதிவும். உதாரணமாக முன்பக்கத்தில், "கடையில் மீதிக் காசு கூட வந்தால் திருப்பிக் கொடுப்பார், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்" என்ற அர்த்தத்தில் ஓர் ஆங்கில வாக்கியம், பின்பக்கம் 'ஆனஸ்ட்', அதோடு முதல் எழுத்தை உச்சரிக்கக் கூடாது என்பதற்கு ஒலி. இப்படி ஒன்று செய்ய சில நிமிடம் ஆகும், அந்த நேரம் யாருடையது? ஆசிரியருடையது என்றால் சம்பளத்தில் சேராத வேலை.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, குவிந்துபோகும் மறுபார்வை. நாளுக்கு 20 புது அட்டை என்று உற்சாகமாக ஆரம்பித்தால் சில வாரங்களில் பழைய அட்டைகளே நாளுக்கு நூற்றைத் தாண்டும், டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால் மலை மாதிரி நிற்கும், அதைப் பார்த்துவிட்டுச் செயலியையே அழிப்பவர்கள் அதிகம். நாளுக்கு எட்டு, பத்துக்கு மேல் போகாதீர்கள்.

## வழி 3: வேர் வழி

இது வியட்நாம் மாணவரிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு சொத்து, பல ஆசிரியர்கள் கண்டுகொள்வதே இல்லை. நம் மொழியில் வடசொற்கள் கலந்திருப்பது போல அவர்கள் மொழியில் சீனத்திலிருந்து வந்த சொற்கள் ஏராளம், 'ஹான் வியெட்' என்று பெயர். சிந்தனை, மனம், கல்வி என்று கொஞ்சம் உயரப் போனால் பெரும்பாலும் அவைதான். ஒவ்வொரு அசைக்கும் ஒரு பொருள், இரண்டைச் சேர்த்தால் ஒரு கருத்து. ஆங்கிலத்திலும் அந்த மாடியில் உட்கார்ந்திருப்பவை லத்தீன், கிரேக்கச் சொற்கள், அவையும் அதே மாதிரி துண்டுகளைச் சேர்த்துக் கட்டியவை.

'இன்ட்ரோவெர்ட்' உள்நோக்கித் திரும்புபவர், வியட்நாமியத்தில் 'ஹுவோங் நோய்', திசை என்பதும் உள்ளே என்பதும். 'எக்ஸ்ட்ரோவெர்ட்' என்பது 'ஹுவோங் ங்வாய்', திசை, வெளியே. 'சிம்பதி'யைப் பிரித்தால் சேர்ந்து உணர்தல், 'டோங் காம்' என்பதைப் பிரித்தாலும் அதேதான். 'சப்கான்ஷியஸ்' என்பது 'தியெம் துக்', அமிழ்ந்த உணர்வு. கருத்துக்குக் கருத்து, துண்டுக்குத் துண்டு பொருந்துவது தற்செயல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நூல்களை மொழிபெயர்த்த ஜப்பானிய அறிஞர்கள் சீன எழுத்துகளை வைத்துப் புதுச்சொற்கள் செய்தார்கள். தத்துவத்துக்கான சொல்லை நிஷி அமானே 1874-ல் அச்சில் போட்டார். அந்தச் சொற்களில் நிறைய சீனத்துக்குப் போய், அங்கிருந்து வியட்நாமுக்கு வந்து சேர்ந்தன. பிறக்கும்போதே ஐரோப்பியச் சொல்லுக்கு ஈடாகச் செய்யப்பட்டவை என்பதால்தான் இப்படிக் கச்சிதமாக உட்காருகின்றன.

எல்லோரும் தடுமாறும் ஒரு மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: 'கான்ஷியஸ்', 'கான்ஷியன்ஸ்', 'கான்ஷியன்ஷியஸ்'. பட்டியலில் போட்டால் ஒரு மாதத்துக்குக் குழப்பம் தீராது. போர்டில் எதிரே 'ஈ துக்', 'லுவோங் தம்', 'தன் தம்' என்று எழுதுங்கள். முதலாவது விழிப்புணர்வு. இரண்டாவது நல்ல உள்ளம், நம் மனசாட்சி. மூன்றாவது உள்ளத்தை முழுக்கக் கொட்டி வேலை செய்வது. 'தம்' என்ற உள்ளம் கடைசி இரண்டில் மட்டும் இருக்கிறது என்பதை மாணவரே கண்டுபிடித்துவிடுவார், மனசாட்சியோடு வேலை செய்பவர்தான் மூன்றாவது என்று அவர் வாயிலிருந்தே வரும். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சின்ன சத்தம் எழும், அதற்காகவே இந்த வழி எனக்குப் பிடிக்கும்.

சரி, அப்படியானால் இதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்றால், கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் சமையலறையிலும் சந்தையிலும் புழங்கிய சொற்கள் வேரை விட்டு எங்கோ போய்விட்டன. 'ஹியென்' என்ற சொல்லின் சீன மூலம் ஞானமும் ஒழுக்கமும் உள்ளவரைக் குறிக்கும், இன்றைய வியட்நாமியத்தில் அது வம்புதும்புக்குப் போகாத சாந்தமான ஆள். துறவியைக் குறித்த 'சாது' நம்மூரில் வாயில்லாப் பிள்ளைக்குப் பேரானதே, அதே கதைதான். 'தூ தே' மூலத்தில் கவனமான, நுணுக்கமான என்று பொருள், இன்று அன்பான, பண்புள்ள. 'தூ ஆய்' பிரித்தால் தன்னை நேசித்தல், பேச்சில் சட்டென்று மனம் புண்பட்டு முறுக்கிக்கொள்வது. 'கோன் நான்' மூலத்தில் கஷ்டம் என்ற அப்பாவிச் சொல், இன்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அடிதடி.

சிந்தனைச் சொற்களிலும் சில பொறி வைத்திருக்கின்றன. 'சூ க்வான்' தத்துவ வகுப்பில் 'சப்ஜெக்டிவ்', வீட்டில் அம்மா சொன்னால் "மெத்தனமாக இருக்காதே". 'பாவ் தூ' செய்தித்தாளில் 'கன்சர்வேடிவ்', பேச்சில் பிடிவாதக்காரர். 'து ஸுய் ஃபான் பியென்' என்பது 'கிரிட்டிக்கல் திங்கிங்', ஆனால் அதில் உள்ள 'ஃபான்' எதிர்ப்பது என்ற பொருள் தருவதால், எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவதே அந்தத் திறன் என்று நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. இந்தப் பொறிகளைத் தெரிந்து வைத்திருப்பது ஆசிரியர் வேலை, அதுதான் இந்த வழியின் மறைந்த விலை. வியட்நாமியம் அறவே தெரியாத ஆசிரியர் இதில் இறங்குவதற்கு முன் உள்ளூர் சக ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, இன்றைய பிள்ளைகளுக்குச் சீன எழுத்து தெரியாது, ரோமன் எழுத்தில்தான் படிக்கிறார்கள். ஒரே மாதிரி எழுதும் அசைக்கு இரண்டு மூன்று வேர் இருக்கலாம், ஊகித்துத் தப்பாகப் பிரிப்பார்கள். பத்தாம் வகுப்புக்குக் கீழே இந்த வழியை நான் தொடவே மாட்டேன்.

உச்சரிப்புக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேர் புரிந்தவர் 'கான்ஷியன்ஷியஸ்' என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

## வழி 4: ஆளும் கதையும்

குணச்சொல் என்பது ஒரு தீர்ப்பு. தீர்ப்பு சொல்ல வழக்கு வேண்டும். ஆளும் சம்பவமும் இல்லாமல் 'வின்டிக்டிவ்' என்ற சொல்லைப் படிப்பதில் அர்த்தமே இல்லை.

வியட்நாமில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த நாட்டுப்புறக் கதை தம்–காம். தம் தாயில்லாப் பெண், சித்தியும் சித்தி மகள் காமும் சேர்ந்து படுத்தும் பாடு கொஞ்சமில்லை. தம் பிடித்த இறாலைக் காம் ஏமாற்றி அள்ளிக்கொள்வாள், தம் ஆசையாக வளர்த்த மீனைப் பிடித்துத் தின்றுவிடுவார்கள், பாக்கு மரத்தில் ஏறச் சொல்லிக் கீழே மரத்தை வெட்டிக் கொன்றும் விடுவார்கள். தம் குருவியாக, மரமாக, தறியாக, கடைசியில் ஒரு பழத்துக்குள்ளிருந்து திரும்பி வருவாள். இதுவரைக்கும் 'கைண்ட்', 'ஹார்ட்வொர்க்கிங்', 'நயீவ்', 'கிரீடி', 'டிசீட்ஃபுல்' எல்லாம் தானாக வந்து விழும். முடிவில், எப்படி இவ்வளவு அழகானாய் என்று காம் கேட்க, தம் அவளைக் கொதிநீரால் கொன்றுவிடுவாள், சில வடிவங்களில் அதோடு நிற்காமல் உடலை மீன் சாஸ் போல ஊறவைத்துச் சித்திக்கே அனுப்பிவிடுவாள். இப்போது கேளுங்கள், தம் இன்னும் 'கைண்ட்' தானா? வகுப்பு இரண்டாகப் பிரியும். 'வின்டிக்டிவ்' என்பார் ஒருவர், 'ரெசிலியன்ட்' என்பார் இன்னொருவர், நியாயம்தானே என்று மூன்றாமவர் வியட்நாமியத்திலேயே கத்துவார், அவருக்கு 'ஜஸ்டிஃபைட்' என்று எடுத்துக் கொடுங்கள். அன்று படித்தது ஏழெட்டுச் சொல்தான் இருக்கும், ஆனால் நிறத்தோடும் பக்கத்துச் சொல்லோடும் படித்திருப்பார்கள், சண்டை போட்டே வாய் பழகியிருக்கும்.

மனித வளர்ச்சிச் சொற்களுக்கும் இதுதான் ஏற்றது. அங்கே சிரமம் தருபவை பெரிய சொற்கள் இல்லை, 'க்ரோ அப்', 'பிரிங் அப்', 'டேக் ஆஃப்டர்', 'க்ரோ அவுட் ஆஃப்' போன்ற சின்னச் சொற்கூட்டுகள். யார் யாரை வளர்த்தார்கள் என்று ஒரு வாழ்க்கை வரலாற்றைப் படித்தால் பிடிபடும், பட்டியலில் ஒருபோதும் பிடிபடாது. வயது விஷயத்தையும் கவனியுங்கள். பிறந்தவுடனே ஒன்று என்று எண்ணும் பழைய கணக்கு பாட்டி தாத்தாவிடம் இன்னும் உண்டு, 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி வியட்நாமில் குழந்தை என்றால் 16 வயதுக்குக் கீழ், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளரிளம் பருவம் 10 முதல் 19 வரை. 'சைல்ட்', 'அடோலசென்ட்', 'மைனர்' மூன்றும் வாசிப்பில் வரும்போதே இதைப் பேசிவிட்டால் பிறகு தொல்லை இல்லை. பக்குவமில்லாமல் அலட்டும் பையனை 'ட்ரே ட்ராவ்', அதாவது எருமை ரகப் பிள்ளை என்று அவர்களே கிண்டல் செய்வார்கள். 'இம்மெச்சூர்' சொல்லித்தர அதைவிட நல்ல வாசல் கிடையாது.

விலை என்ன? நேரம், நேரம், நேரம். ஒரு பாட வேளையில் ஏழு சொல் என்றால் சென்டர் மேனேஜர் முகம் சுளிப்பார், இன்று எத்தனை சொல் என்று கேட்கும் பெற்றோரிடம் காட்ட நோட்டில் ஒன்றும் இருக்காது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் பேசுகிறவர்கள் ஆறு பேர்தான். அப்புறம், தெரிந்த ஆட்களைப் பற்றிக் குறை சொல்ல மாணவர்கள் கூசுவார்கள். ஆசிரியரைப் பற்றியோ மேலதிகாரியைப் பற்றியோ கேட்டால் 'ஃபிரெண்ட்லி', 'என்தூசியாஸ்டிக்' தாண்டி வராது. எதிர்மறைச் சொற்களுக்குக் கதைமாந்தர்தான் வசதி.

## சொல்லைப் பிரித்து வழியைப் பிரித்தால்

| சொல் வகை | முதல் வழி | துணைக்கு | உஷார் |
|---|---|---|---|
| குணம் | ஆளும் கதையும் | சூழல் எழுதிய ஃபிளாஷ்கார்டு | வேர் வழி இங்கே கவிழ்த்துவிடும் |
| சிந்தனை | வேர் வழி | சின்னக் கட்டுரை வாசிப்பு | 'சூ க்வான்', 'பாவ் தூ' வகைப் பொறிகள் |
| வளர்ச்சி | வாழ்க்கை வரலாறு வாசிப்பு | பருவங்களின் பெயருக்கு மட்டும் வேர் வழி | சின்னச் சொற்கூட்டுகளைப் பட்டியலில் போடாதீர்கள் |

## யாருக்கு எது

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு: சின்னப் பட்டியலும் விளையாட்டும். எதிர்ப்பதத்தை மட்டும் அதே நாளில் கொடுக்காதீர்கள், ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும் மாணவருக்கு: வேர் வழியும் ஃபிளாஷ்கார்டும். கண் அடையாளம் போதும் என்பதால் உச்சரிப்பில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். முன்னொட்டுகளை ஒரு வாரம் தனியாக எடுங்கள். வியட்நாமியத்தில் எதிர்மறைக்கு 'வோ', 'பத்' என்று சொல் தனியாக நிற்கும், ஆங்கிலத்தில் 'இர்ரெஸ்பான்சிபிள்', 'இம்பேஷன்ட்', 'டிஸ்ஆனஸ்ட்', 'அன்கைண்ட்' என்று எது எதோடு ஒட்டும் என்பது மனப்பாடம்தான், அதற்குச் செயலியே சரி. ஒரே மாதத்தில் தேர்வு என்றால் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காரட்டும், வேறு வழியில்லை, மனசாட்சி உறுத்தத் தேவையில்லை.

ஐஈஎல்டிஎஸ்-ல் 6 என்ற மதிப்பெண்ணிலேயே மாட்டிக்கொண்டு நிற்பவருக்குப் புதுச் சொல் தேவையே இல்லை என்பதுதான் அநேகமாக நிஜம். தெரிந்த சொல்லைத் தூக்கி நிறுத்தச் சம்பவம் வேண்டும். நான்காவது வழி, ஃபோனில் பதிவு செய்து கேட்பது, கடைசி மெய்யெழுத்தை விழுங்காமல் சொல்வது. 'மெட்டிகுலஸ்' என்று ஒரு அரிய சொல்லைத் தப்பாக இறக்குவதைவிட, "ஒவ்வொரு மெயிலையும் மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அனுப்புவார்" என்று நேராகச் சொல்பவரை எனக்குப் பிடிக்கும், தேர்வாளருக்கும் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

உளவியலோ கல்வியியலோ படிக்கும் கல்லூரி மாணவருக்கு வேர் வழிதான், சந்தேகமே இல்லை. பியாஜேயின் நான்கு பருவங்கள், எரிக்சனின் எட்டுக் கட்டங்கள், ஐம்பெரும் குணக்கூறுகள் எல்லாவற்றுக்கும் வியட்நாமியப் பாடநூல் சொல் இருக்கிறது, அதை ஆங்கிலத்தோடு துண்டுக்குத் துண்டு ஒட்டிப் பார்த்தால் ஒரு பருவத்துக்கான கலைச்சொல் சில வாரத்தில் முடியும்.

வேலை தேடுகிறவருக்கு இதில் எதுவும் முழுதாக வேண்டாம். பயோடேட்டாவைத் திறந்து 'டைனமிக்' என்ற சொல்லை முதலில் அடியுங்கள். 'நங் டோங்' என்று வியட்நாமிய வேலை விளம்பரங்களில் அடிக்கடி வருவதால் ஆங்கிலத்திலும் அதையே எழுதிவிடுகிறார்கள், வெளிநாட்டு மேனேஜருக்கு அது ஒன்றுமே சொல்லாத சொல். அதற்குப் பதில் செய்த வேலை ஒன்றை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். நேர்முகத்தில் உங்கள் பலவீனம் என்ன என்று கேட்பார்கள், அதற்கு இரண்டே இரண்டு குணச்சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். 'தூ தி' என்றால் தாழ்வு மனப்பான்மை, 'தூ தின்' என்றால் தன்னம்பிக்கை, கடைசி மெய் ஒன்றில்தான் வித்தியாசம். ஆங்கிலத்தில் கடைசி மெய்யை விழுங்காதே என்று சொல்லும்போது இந்த ஜோடியைக் காட்டுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.